புதுச் சாயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

வீடு வாங்கியவர்கள் எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு அழைத்தால் முதல் ஒரு நிமிடம் மகிழ்ச்சியாகப் பேசுவார்கள். அடுத்த ஐந்து நிமிடம் புலம்பல்தான். கூரை ஒழுகுகிறது, குளியலறைச் சுவர் ஊறிப் போயிருக்கிறது, பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை தனியாகப் பிரிந்து வருகிறது என்று பட்டியல் நீளும். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: "ஏஜெண்டு ஒரு வார்த்தைகூடச் சொல்லல தம்பி."

ஏஜெண்டு சொல்லியிருக்க வேண்டுமா? சட்டம் அவரை எந்த அளவுக்குக் கட்டுப்படுத்துகிறது? வாங்கியவர் கேட்டாரா? இந்த மூன்று கேள்விகளோடு அண்மையில் கம்போங் ராஜாவுக்குப் போயிருந்தேன். சிம்பாங் பூலாய் சாலையில் ஏறினால் கேமரன் மலையில் முதலில் எதிர்ப்படும் ஊர் அது. அம்மா வழிச் சொந்தங்கள் பலர் அங்கேயும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு வரக்கூடிய கோளாறுகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் அதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. மழை, குளிர், ஈரம், பின்னால் சரிவு, சிக்கலான நிலப் பத்திரம் எல்லாமே அங்கே உண்டு.

கிராணியிடம் சொன்னால் போதும்

என் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லயத்து வீட்டில் கூரை ஒழுகினால் ஆபீசுக்குப் போய் கிராணியிடம் சொல்வார். தோட்டத்துத் தச்சர் ஏணியோடு வருவார். சில சமயம் உடனே வருவார், சில சமயம் மாதக்கணக்கில் வர மாட்டார். ஆனாலும் பழுது பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர்களுக்கான குறைந்தபட்ச வீட்டு வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தப் பொறுப்பை முதலாளிகளிடம்தான் வைத்திருக்கிறது.

அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று தங்கும் விடுதிகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் ஈப்போ அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்து, மீதிக்கு வங்கிக் கடன் போட்டுக் குடும்பத்தின் முதல் சொந்த வீட்டை வாங்குகிறார்கள். வாங்கும் முன் வீட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நமக்குப் பரம்பரையாக வரவில்லை. சொல்லித்தர வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

என் பெரியப்பா மகன் ஒருவர் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வரிசை வீட்டை வாங்கினார். உள்ளே புதுச் சாயம் பளபளத்தது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நவம்பர் மழையில் வரவேற்பறைக் கூரையில் பழுப்பு நிற வளையங்கள் தெரிந்தன. கழற்றிப் பார்த்தால் மேலே சட்டங்கள் உளுத்துப் போயிருந்தன. செலவு 18,000 வெள்ளி. வழக்கறிஞரிடம் போனபோது அவர் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார். வீடு இப்போது இருக்கும் நிலையிலேயே வாங்கப்படுகிறது என்று அதில் இருந்தது. அண்ணன் அதன் கீழ் கையெழுத்துப் போட்டிருந்தார். முகவர் அதற்குள் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தியிருந்தார்.

புது வீடு வேறு, பழைய வீடு வேறு

மேம்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கும் புது வீட்டுக்கு 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சாவி கையில் கிடைத்த நாளிலிருந்து 24 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அதற்குள் விரிசலோ கசிவோ தெரிந்து எழுத்துமூலம் அறிவித்தால், மேம்பாட்டாளர் 30 நாட்களுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 2002 டிசம்பர் முதல் செயல்படும் அந்த மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே 50,000 வெள்ளி வரை கோரலாம்.

கைமாறி வரும் பழைய வீட்டுக்கு இந்தக் குடை பெரும்பாலும் கிடையாது. 24 மாதம் எப்போதோ முடிந்திருக்கும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பாதுகாப்பு. 'வங்கி ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டதே' என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வங்கிக்காக வரும் மதிப்பீட்டாளர் கடனுக்கு ஈடாக வீடு எவ்வளவு பெறும் என்று பார்க்க வருகிறவர். குழாய்க்குள் என்ன கசிகிறது என்று பார்ப்பது அவருடைய வேலை இல்லை.

அடுக்குமாடியில் மேல்வீட்டுத் தண்ணீர் நம் கூரையில் சொட்டினால் அதற்குத் தனி விதி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். புகார் கிடைத்த 7 நாட்களுக்குள் நிர்வாகக் குழு வந்து பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீட்டை விற்றுத் தரும் முகவர், இப்படி ஏதாவது புகார் நிலுவையில் இருக்கிறதா என்று நிர்வாக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டாலே பாதிச் சண்டை குறையும்.

மௌனம் எப்போது பொய்யாகிறது?

நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் இதற்கு ஒரு குதிரைக் கதை இருக்கிறது. ஒருவர் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறார். நோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெறும் மௌனம் மட்டும் மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே குதிரையை வாங்க வந்தவர், "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றுதான் எடுத்துக்கொள்வேன்" என்று சொல்லி, விற்பவர் அப்போதும் பேசாமல் இருந்தால்? அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். இது 17-ஆவது பிரிவில் வரும் விளக்கம்.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. தெரிந்த ஒரு குறையை வேண்டுமென்றே மறைப்பது மோசடி. விரிசல் இருப்பது தெரிந்தும் அதன்மேல் பட்டி பூசிச் சாயம் அடித்து, அலமாரியை நகர்த்தி வைத்து மறைத்தால் மௌனம் என்ற சாக்கு அங்கே எடுபடாது. ஆனால், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்ற நிலையில், தவறான தகவலைக் காட்டி ஒப்பந்தத்தை உடைப்பது கடினம் என்கிறது 19-ஆவது பிரிவு. ஆக, மறைக்காமல் இருப்பது விற்பவர் கடமை என்றால், கண்ணைத் திறந்து பார்ப்பதும் கேட்பதும் வாங்குகிறவர் கடமை.

முதலில் பின்கட்டுக்குப் போவோம்

கம்போங் ராஜாவில் எனக்கு ஒரு நாள் முழுக்கத் துணை வந்தவர் பதிவு பெற்ற பெண் முகவர் ஒருவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், நாற்பதுகளில் இருக்கிறார். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில் விற்பனைக்கு வந்த ஒரு வரிசை வீட்டைப் பார்க்கப் போனோம். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் பின்பக்கமாக நடந்துவிட்டார்.

"உள்ள போய் சோபாவப் பார்த்துட்டா கண்ணு மயங்கிடும் தம்பி. முதல்ல பின்னால போவோம்."

பின்னால் ஆள் உயரத்துக்குத் தடுப்புச் சுவர். அதில் வரிசையாகத் துளைகள். மண்ணுக்குள் சேரும் மழைநீர் வெளியேறத்தான் அந்தத் துளைகள். அவை அடைத்துக்கொண்டால் தண்ணீரின் அழுத்தம் முழுவதும் சுவரின் முதுகில் ஏறும். தெளிந்த நீர் வடிந்தால் சரி, சேறாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா, மேலே மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து நிற்கின்றனவா, மேட்டில் தரை பிளந்திருக்கிறதா என்று அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேட்டில் காய்கறித் தோட்டம் இருந்தால் அதன் பிளாஸ்டிக் கூரைகளிலிருந்து கொட்டும் தண்ணீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது என்றும் பார்ப்பாராம். மண் குடித்திருக்க வேண்டிய மழை அந்தக் கூரைகளில் பட்டு மொத்தமாகக் கீழே இறங்குமே!

பிறகுதான் வீட்டுக்குள். பையிலிருந்து வந்தவை ஒரு டார்ச் விளக்கு, ஒரு கோலிக்குண்டு, ஒரு பென்சில். கோலியைத் தரையில் வைத்தார். அது மெல்ல உருண்டு சமையலறைப் பக்கம் போனது. பின்னால் இழுத்துக் கட்டிய பகுதி பழைய கட்டடத்தோடு சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். "பூச்சுல முடி மாதிரி ஓடுற விரிசலுக்கு நான் பயப்பட மாட்டேன். சன்னல் மூலையிலருந்து படிக்கட்டு மாதிரி குறுக்கா இறங்குனா, கதவு சரியா மூடலன்னா, அப்பத்தான் யோசிக்கணும்." விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினார். அடுத்த முறை வரும்போது கோட்டைத் தாண்டியிருந்தால் அது இன்னும் வளர்கிறது.

அலமாரியைத் திறந்து மோந்து பார்த்தார். மலைக்குளிரில் காற்றோட்டம் இல்லாத மூலைகளில் பூஞ்சணம் சீக்கிரம் பிடித்துவிடும். கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். நான்கு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால் அந்தச் சுவரைத்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். செங்கல் சுவரில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி இருந்தால் உள்ளே ஈரம் நடமாடுகிறது. குளியலறைத் தரைக் கற்களைப் பென்சிலின் பின்பக்கத்தால் தட்டினார். வெற்றொலி கேட்ட இடங்களைக் குறித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க இன்ஜினியரா?" என்று கேட்டேன்.

"காய்ச்சல் இருக்குன்னு நான் சொல்லுவேன் தம்பி. என்ன காய்ச்சல்னு இன்ஜினியர்தான் சொல்லணும். தொட்டே பார்க்காம நல்லாத்தான் இருக்குன்னு சொல்றதுதான் தப்பு."

வீட்டுக்காரர் வயதானவர், மகள் வீட்டோடு போய்ச் சேரப் போகிறவர். குறைகளை எல்லாம் எழுதிக் காட்டியதும் முகம் மாறியது. "இதெல்லாம் சொன்னா யாரும்மா வாங்குவா?"

"சொல்லாம வித்தா இந்த வயசுல நீங்க வக்கீல் ஆபீசுக்கு அலையணும், பெரியப்பா. சொல்லி வித்துட்டா நிம்மதியா மக வீட்டுல இருக்கலாம்."

வாங்க வந்த இளந்தம்பதியிடம் அக்கா முதலில் காட்டியதே அந்த விரிசலைத்தான். சமையலறையை இழுத்துக் கட்டியதற்கு மாவட்ட மன்றத்தின் அனுமதி இருக்கிறதா என்று தெரியவில்லை என்பதையும் சொன்னார். அவர்கள் ஓடிவிடவில்லை. ஒரு பொறியாளரை அழைத்து வந்து காட்டினார்கள். பழுதுச் செலவுக்கு விலைப்பட்டியல் வாங்கி, அந்தத் தொகையை வீட்டு விலையிலிருந்து குறைத்துக்கொண்டார்கள். அனுமதி விவகாரத்தை முடித்துத் தருவது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். பெரியவருக்கு நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. ஆனால், நாளைக்கு அவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள்.

வேலிக்கு அப்பால் இருக்கும் ஆபத்து

1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிளாங்கில் ஹைலண்ட் டவர்ஸின் மூன்று கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 பேர் இறந்ததை அப்பா அம்மாக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த 12 மாடிக் கட்டடத்தில் வீடு வாங்கியவர்கள் சுவரையும் கூரையையும் எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தாலும் போதாது. கோளாறு பின்னால் இருந்த மலைச்சரிவில் இருந்தது. மரம் வெட்டப்பட்ட மேட்டிலிருந்து இறங்கிய நீரும், போதாத வடிகாலும், சரியாகக் கட்டப்படாத தடுப்புச் சுவர்களும் சேர்ந்து மண்ணை நகர்த்தின.

மற்ற இரண்டு கட்டடங்களின் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2000-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் பல தரப்பினரைப் பொறுப்பாக்கியது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவைக் காட்டி நகராண்மைக் கழகத்தை விடுவித்தது. கட்டடம் விழுந்து 12 ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தது. 'மன்றம் அனுமதி கொடுத்திருக்கிறதே' என்பதை மட்டும் நம்பி மலைச்சரிவில் வீடு வாங்குகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கம்போங் ராஜாவுக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2024 ஜனவரி 26-ஆம் தேதி அதிகாலையில் புளூ வேலியில் ஏற்பட்ட நிலச்சரிவில் மியன்மார் நாட்டவர் ஐவர் தூக்கத்திலேயே மண்ணில் புதைந்து உயிரிழந்தார்கள். வாடகைக்கு ஆள் வைக்கும் இடத்தையும் அதே கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதை அந்த அதிகாலை சொல்லிவிட்டுப் போனது.

பத்திரத்திலும் விரிசல் இருக்கும்

கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றும் கேமரன் மலையில் உண்டு. இங்கே பல நிலங்கள் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருப்பவை. நிலச் சட்டப்படி அந்த உரிமம் அந்தந்த ஆண்டு இறுதியோடு முடிகிறது. புதுப்பிப்பது மாநில அரசின் விருப்பம். இன்னொருவருக்கு மாற்றித்தர முடியாது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. அதன்மேல் நிற்கும் வீட்டை ஒரு சத்தியப்பிரமாணத் தாளை வைத்து 'விற்றால்' வாங்கியவர் கையில் இருப்பது தாள் மட்டுமே.

ஆகவே, நில அலுவலகத்தில் பத்திரத் தேடல் செய்யாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. குத்தகை நிலம் என்றால் எத்தனை ஆண்டு மீதம் இருக்கிறது, நிலத்தின் வகை கட்டடமா விவசாயமா, மாற்றுவதற்கு மாநில அரசின் ஒப்புதல் தேவையா, யாராவது தடையாணை போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஒழுங்கான முகவர் வீட்டை விளம்பரப்படுத்தும் முன்பே இதை எடுத்து வைத்திருப்பார்.

பகுதிநேர முகவராக நினைக்கும் இளையோருக்கு

நம் பிள்ளைகள் பலர் இன்று ஆர்.இ.என். எனப்படும் விற்பனைப் பேச்சாளர்களாகச் சேர்கிறார்கள். இரண்டு நாள் பயிற்சி, பதிவு பெற்ற ஒரு நிறுவனத்தின் கீழ் எண் ஒட்டிய அட்டை. அட்டை இல்லாமல் தொழில் செய்தால் 3 லட்சம் வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

விற்பனைக்கு அதிகபட்சத் தரகு 3 விழுக்காடு. 3 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 9,000 வெள்ளி. அதைப் பொதுவாக விற்பவர்தான் தருகிறார், அதனால் முகவர் அவர் பக்கத்து ஆள்தான். ஆனால், விற்பவருக்காக உழைப்பது வேறு, அவருக்காகப் பொய் சொல்வது வேறு. கேட்ட கேள்விக்குத் தெரிந்தே தவறான பதில் சொன்ன முகவர், வழக்கு வரும்போது விற்பவரையும் சேர்த்து இழுத்துப் போடுகிறார். பார்த்ததை எழுதுங்கள், படம் எடுத்துத் தேதி போடுங்கள், விற்பவரிடம் கேட்டு அவர் பதிலையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது

* மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். இன்னொரு முறை இரவில் போங்கள்.
* முகவரின் அட்டை எண்ணை வாரியத்தின் பதிவில் சரிபாருங்கள். முன்பணத்தை நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் மட்டும் போடுங்கள். தனிநபர் கணக்கில் போடாதீர்கள்.
* வீடு ஒப்படைக்கப்பட்ட தேதியைக் கேளுங்கள். 24 மாதம் முடியவில்லை என்றால் அது பெரிய விஷயம்.
* கட்டட நிறைவுச் சான்றிதழையும், இழுத்துக் கட்டிய பகுதிக்கான அனுமதியையும் காட்டச் சொல்லுங்கள். சி.எஃப். என்ற பழைய சான்றிதழுக்குப் பதிலாக 2007 ஏப்ரல் முதல் வந்தது சி.சி.சி.
* நிலவரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரம், அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றின் நிலுவையைக் கேளுங்கள்.
* சரிவுக்கு மேலேயோ கீழேயோ இருக்கும் வீடு என்றால் பொறியாளருக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கடைசியாக, குதிரைக் கதையை மறந்துவிடாதீர்கள். வீட்டைப் பார்த்துத் திரும்பியதும் முகவருக்கும் விற்பவருக்கும் வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுங்கள்: "கூரை ஒழுகல், நீர்க்கசிவு, விரிசல், சரிவுப் பிரச்சினை, அனுமதி இல்லாத கட்டடம் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இருந்தால் கையெழுத்துக்கு முன் சொல்லுங்கள்." நல்ல முகவராக இருந்தால் உடனே பதில் வரும். பதிலே வராவிட்டால், முன்பணம் இன்னும் உங்கள் கையில்தானே இருக்கிறது.